துரும்பு போட்டாச்சா?

பள்ளிக்கூட வாசலில் ஞானவேல் என் மகளுக்கு முன்னால் குத்தவைத்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போனது. பண்ணைக்காட்டில் சாயங்கால மழை அப்போதுதான் விட்டிருந்தது. மற்ற பிள்ளைகளெல்லாம் குடையும் பையுமாக ஓடிக்கொண்டிருக்க, சுசித்ரா மட்டும் அவன் கொடுத்த முறுக்குப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முன்பல் விழுந்த வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய்ப் பிள்ளையைப் பிடித்து இழுத்தேன்.

"எதுக்குடி இம்புட்டு வேகம்? எம்பிள்ளைய நான் பாக்கக் கூடாதா?" என்றான் அவன். குரலை உயர்த்தவே இல்லை. அவன் கத்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. கத்துகிற ஆளாக இருந்தால் நான் இவ்வளவு பயப்படவும் மாட்டேன்.

"ஒம் பிள்ளையா? எவன்டா சொன்னது?"

"கோர்ட்டு சொல்லும்," என்று எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். "அம்மா வைவா. நீ தின்னு பாப்பா."

வழி நெடுக சுசித்ரா என்னை நச்சரித்தாள். "யாரும்மா அந்த அங்கிள்? அவருதான் எங்க அப்பாவாம். அப்ப நம்ம வீட்ல இருக்க அப்பா யாரு?" முறுக்கைப் பிடுங்கி ஓடையில் எறிந்தேன். அவள் அழுதாள். நானும் அழுதேன், முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு.

ஞானவேல் என்னுடைய முதல் புருஷன். கொடைக்கானலில் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறான். அவனோடு நான் குப்பை கொட்டிய காலத்தை விவரமாகச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. அடிபட்ட இடம் துணிக்கு வெளியே தெரியாதபடி பார்த்து அடிப்பான் என்று சொன்னால் போதும். கடைசியில் எங்கள் சனத்து வழக்கப்படி துரும்பு போட்டுத் தீர்த்துவிட்டார்கள்.

வெளியாட்களுக்கு இது புரியாது, சொல்கிறேன். எங்கள் ஆட்களில் புருஷன் பொண்டாட்டிக்கு ஒத்துவராமல் போனால் கோர்ட்டுப் படியேறுகிற பழக்கம் கிடையாது. இரண்டு பக்கத்துச் சொந்தமும் கோயில் முன்னால் கூடும். புருஷன் ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து, எல்லாரும் பார்க்க இரண்டாகக் கிள்ளி, பெண்ணுடைய தாய்மாமன் கையில் கொடுப்பான். பெண் தாலியைக் கழற்றிக் கொடுத்துவிடுவாள். அத்தோடு சரி. பிறகு அவனும் வேறு கட்டலாம், இவளும் வேறு கட்டலாம். அப்படி மறுகல்யாணம் நடக்கும்போது, "துரும்பு போட்டாச்சா?" என்று சபையில் கேட்பார்கள். "போட்டாச்சு" என்று எரிகிற கற்பூரத்தில் அடித்துச் சொன்னால்தான் மேளமே முழங்கும். எனக்குப் போட்ட துரும்பைக் கைநீட்டி வாங்கியவர் சுப்பையா மாமா. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் யோகராஜைக் கட்டினேன். அவருடைய அப்பா அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்தவர்கள். அந்த வீட்டில் இன்றைக்கும் முன்வாசல் தாழ்வாரத்துக்கு இஸ்தோப்பு என்றுதான் பேர். மனுஷன் அதிகம் பேச மாட்டார். காப்பித் தோட்டத்தில் வேலை, வீட்டுக்கு வந்தால் மகள். பழனி அடிவாரத்தில் வைத்துத் தாலி கட்டினார். எந்த ஆபீசிலும் போய்ப் பதியவில்லை. எங்கள் பக்கத்தில் யார்தான் பதிந்தார்கள்?

முறுக்குக் கொடுத்த வாரமே கோர்ட்டு நோட்டீசும் வந்தது. துரும்பு எதுவும் போடவில்லை என்று ஞானவேல் எழுதியிருந்தான். என் மனைவி வள்ளி கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனவள், நான் அவளிடம் போகவர இருந்தேன், பெண் குழந்தை எனக்குப் பிறந்தது, இரண்டு பேரையும் என்னோடு சேர்த்து வையுங்கள் என்று கேட்டிருந்தான். அடப்பாவி! எழுதின கை விளங்குமா?

வத்தலக்குண்டில் இருக்கும் ராஜகுமாரி வக்கீலம்மாவிடம் ஓடினோம். எனக்குக் கோபம்தான் இருந்தது, பயம் இல்லை. "பிள்ளை மூஞ்சியப் பாருங்க மேடம். அச்சு அசலா அவுங்கப்பா மூக்கு," என்று சிரிக்கக்கூடச் செய்தேன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை.

"மூக்கு கோர்ட்டுல செல்லாது வள்ளி. ஒரு கல்யாணம் முறியாம இருக்கையில பொறந்த பிள்ளை அந்தப் புருஷனோட பிள்ளைன்னுதான் சட்டம் எடுத்துக்கும். அதுக்கு மாறா நிரூபிக்கிறது லேசுல இல்ல. பிறப்புச் சான்றிதழ்ல நீங்க சொன்ன பேரத்தான எழுதிருப்பாங்க? ரத்தத்தச் சோதிங்கன்னா அதுக்கும் உடனே தலையாட்ட மாட்டாங்க. நீங்க ஒண்ணே ஒண்ண நிரூபிக்கணும். இவ பொறக்குறதுக்கு முன்னாடியே ஒங்க சனத்து வழக்கப்படி அந்தக் கல்யாணம் தீந்துபோச்சு. அது நின்னா பிள்ளை ஒங்களுக்கு. அது விழுந்தா..."

யோகராஜ் மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். அவள் மேஜையிலிருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தாள். அங்கே வைத்துத்தான் எனக்கு நிஜமான பயம் வந்தது. அதுவரை எனக்கு வந்ததெல்லாம் பயமே இல்லை.

துரும்பு போட்டதைப் பார்த்தவர் யாராவது வேண்டும், அதுவும் ஞானவேல் பக்கத்து ஆளாக இருக்க வேண்டும் என்றார் வக்கீலம்மா. அண்ணன் செல்வமுருகன் வந்து சொன்னால் தங்கச்சிக்காகச் சொல்கிறான் என்று தள்ளிவிடுவார்களாம். வீடு வீடாகப் போனேன். அன்றைக்குக் கோயில் முன்னால் முதல் வரிசையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றவர்களுக்கெல்லாம் திடீரென்று மறதி வந்துவிட்டது. "அது சும்மா சமாதானப் பேச்சுத்தான தாயி," என்றார் ஒருவர், என் முகத்தைப் பார்க்காமலே. அவர் மகன் ஞானவேலோடு வண்டி ஓட்டுகிறான்.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் பயம், அனுப்பாமல் வைத்திருக்கவும் பயம். மேட்டில் கார் சத்தம் கேட்டால் கதவைச் சாத்துவேன். ஒருநாள் போன் அடித்தது. "மஞ்சக் கவுன் பாப்பாவுக்கு எடுப்பா இருக்கு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். சுசித்ரா வாசலில் மஞ்சள் கவுனோடு பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். சுற்றும்முற்றும் பார்த்தேன். காப்பிச் செடியும் மிளகுக்கொடியும் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.

எனக்கப்புறம் அவனும் இன்னொருத்தியைக் கட்டியிருந்தான், அதில் பிள்ளை இல்லை. அதனால் பிள்ளை ஆசை என்று யாரும் பரிதாபப்பட வேண்டாம். விட்டுவிட்டுப் போனவள் சிரித்துக்கொண்டு இருக்கிறாளே, அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. என்னை எங்கே தொட்டால் உயிர் போகும் என்று கண்டுபிடித்துத் தொட்டிருந்தான்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் வெள்ளனே செல்வமுருகன் அண்ணன் வந்தான். வாயெல்லாம் பல்.

"ஏத்தா வள்ளி, சோலி முடிஞ்சது! அவன் எறங்கி வந்துட்டான். சமரச மையத்துல வச்சு ரெண்டு பேரும் சம்மதிச்சு விவாகரத்து எழுதிக்கிட்டாப் போதுமாம். அவன் அவன் வழியில, நீ ஒன் வழியில."

"நாங்கதான் எப்பவோ தீத்துட்டமே அண்ணே?"

"அதனால என்ன? அன்னைக்குத் துரும்புல தீத்தோம், இன்னைக்குப் பேப்பர்ல தீக்கிறோம். ஒரு முடிச்சுக்கு ரெண்டு முடிச்சாப் போட்டா கெட்டியாத்தான இருக்கும்?"

எங்களுக்கெல்லாம் அது நியாயமாகத்தான் பட்டது. யோகராஜ்கூட, "நல்லதுதானே புள்ள," என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கியது. வக்கீலம்மாவுக்குப் போன் போட்டோம். அவர் வேறு ஊர் கோர்ட்டில் ஒரு கேஸில் நின்றுகொண்டிருந்தார். "நான் வந்து பாக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க," என்று அவசரமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவன் மனம் மாறுவதற்குள் வெரசாக முடித்துவிட வேண்டும் என்று அண்ணன் துடித்தான்.

சமரசம் பேச உட்கார்ந்திருந்தவர் தங்கமான மனுஷன். எல்லாருக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். எதிரே ஞானவேல், இஸ்திரி போட்ட சட்டையில், கல்யாண மாப்பிள்ளையாட்டம். பேப்பர் தயாராக இருந்தது. பெரியவர் நிதானமாக எடுத்துச் சொன்னார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இன்னைக்கு வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் சட்டப்படி கணவன் மனைவி. இன்னைக்கு மனசொத்துப் பிரியிறதுக்கு மனு போடுறீங்க. அப்படித்தானேம்மா?"

"ஆமாங்கய்யா, ஆமாங்க," என்று அண்ணன் முந்திக்கொண்டான்.

நான் பேனாவை எடுத்துவிட்டேன். முதல் எழுத்தைக்கூட எழுதிவிட்டேன். அப்போது ஞானவேல் பணிவாக, "பாப்பா எந்தெந்தக் கெழமை எங்கிட்ட இருக்கணும்னு அதையும் அதுலயே சேத்துருங்கய்யா," என்றான்.

"அதைத் தனியாப் பேசிக்கலாம்ப்பா. அப்பாங்கிற முறையில ஒனக்குப் பாக்க உரிமை இருக்குதானே," என்றார் பெரியவர்.

என் கை அப்படியே நின்றது. இன்றைக்குத்தான் பிரிகிறோம் என்று எழுதினால் நேற்றுவரை இவன் என் புருஷன். நேற்றுவரை இவன் புருஷன் என்றால் சுசித்ரா பிறந்த அன்றைக்கும் இவன்தான் புருஷன். இரண்டாவது முடிச்சு கெட்டியாகாது, முதல் முடிச்சை அவிழ்த்துவிடும். அதற்குத்தான் இவன் இறங்கி வந்திருக்கிறான்! எழுதிய ஒற்றை எழுத்தை அடித்த அடியில் பேப்பர் கிழிந்தது.

"நான் மாட்டேங்கய்யா. தீத்தது தீத்ததுதான். தீந்துபோனத எப்பிடித் தீக்கிறது?"

"ஏய், என்னத்தா பண்ற?" என்று அண்ணன் பதறினான்.

பெரியவர் பேப்பரை எடுத்து ஓரமாக வைத்தார். "கட்டாயம் ஒண்ணுமில்லம்மா. அடுத்த வாய்தாவுக்கு வக்கீலோட வாங்க," என்றார்.

வெளியே வராந்தாவில் ஞானவேல் என் பக்கமாக வந்து நடந்தான். "போட்டுருக்கலாம்டி. பாதி நாளாச்சும் ஒங்கிட்ட இருந்துருக்கும். இப்ப முழுசா எங்கிட்ட வந்துரும் பாரு," என்றான், ஊர் நிலவரம் சொல்கிறவன் மாதிரி.

மத்தியானம் வந்து சேர்ந்த வக்கீலம்மா நடந்ததைக் கேட்டதும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "அவன் ரெண்டாவதா ஒருத்தியக் கட்டிருக்கான்ல? மனுவுல அவளை சமையலுக்கு வந்த தூரத்துச் சொந்தம்னு எழுதிருக்கான். அந்தக் கல்யாணம் எப்படி நடந்துச்சு?" என்று கேட்டார்.

அந்தக் கல்யாணத்திலும் அவனைச் சபையில் கேட்டிருப்பார்களே!

அவள் பேர் காளியாயி. பெருமாள்மலையில் மெயின் ரோட்டுக்கு மேலே வீடு. ஞானவேல் சவாரி போகிற நேரமாகப் பார்த்துப் போனேன். மூடுபனி இறங்கி எதிரில் வருகிறவர் யாரென்று தெரியவில்லை. ஒவ்வொரு கார் விளக்கும் அவனுடையதாகவே இருந்தது. கதவைத் திறந்தவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். ஸ்வெட்டர் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். அந்த இழுப்பு எனக்குத் தெரியும். நானும் இழுத்திருக்கிறேன்.

"ஒங் கல்யாணத்துல துரும்பு போட்டாச்சான்னு கேட்டாங்கல்ல?"

"எங்கப்பாதான் கேட்டாரு. இவரு கற்பூரத்துல அடிச்சுப் போட்டாச்சுன்னு சொன்னாரு."

"அத நீ கோர்ட்டுல வந்து சொல்லணும் தாயி. ஒங்கால்ல விழுறேன்."

"கோவிச்சுக்காதீங்கக்கா. நீங்க ஜெயிச்சா நான் யாரு?"

"நீதான் அவன் பொண்டாட்டி. வேற யாரு?"

"நீங்க தோத்துட்டா?"

அவளே பதிலும் சொன்னாள்.

"நீங்க தோத்துட்டா நான் யாருமே இல்ல. சமையலுக்கு வந்தவ. துணிமணிய எடுத்துக்கிட்டு எங்கப்பாகிட்ட திருப்பூருக்கு பஸ் ஏறிருவேன். என்னைய இழுத்துட்டு வர இவருக்கு எந்த உரிமையும் கெடையாது. நீங்க தோக்கணும்னுதாங்க்கா நான் தெனமும் சாமி கும்பிட்டுக்கிட்டுக் கெடக்கேன்."

அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. அவள் கேட்டதில் என்ன தப்பு? அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கும்பிட்டிருப்பேன். "எம்பிள்ளைய அவன் கேக்குறான் காளியாயி," என்று மட்டும் சொன்னேன்.

"பொம்பளப் பிள்ளையா?"

"ஆமா. ரெண்டாங் கிளாஸ் படிக்குது."

அவள் பதில் சொல்வதற்குள் கீழே கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. "போங்க, பின்னாடி வழியாப் போங்க!" என்று என்னைத் தள்ளினாள். பேரிக்காய் மரங்களுக்கு நடுவே குனிந்துகொண்டு ஓடினேன். பனியில் வழி தெரியாமல் வேலியோரம் நின்றபோது அவனுடைய குரல் கேட்டது, அதே தணிந்த குரல். "யாரு வந்துட்டுப் போறது?" அவள் என்ன சொன்னாளோ தெரியவில்லை. பிறகு கதவு சாத்துகிற சத்தம். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாய்தாவுக்கு அவள் வருவாள் என்று எனக்குக் கடுகளவும் நம்பிக்கை இல்லை. சுசித்ராவை வீட்டில் விட்டுவரப் பயந்து கூடவே கூட்டிப் போயிருந்தோம். அவளும் யோகராஜும் வராந்தா பெஞ்சில் இருந்தார்கள். சமரச மையத்துக்குள்ளே ஞானவேல் அண்ணனைப் பார்த்து, "ஏலே மச்சான், பிள்ளையோட துணிமணியெல்லாம் கொண்டாந்துருக்கீகளா?" என்று கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தான்.

அப்போது கதவு திறந்தது. காளியாயி. ஒரு பக்கக் கன்னம் வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. இந்தத் தடவை வெளியே தெரியாத இடமாகப் பார்க்க அவனுக்குப் பொறுமை இருக்கவில்லை போல.

"ஒனக்கு இங்க என்ன சோலி?" என்றான் ஞானவேல்.

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. பெரியவரைப் பார்த்துக் கைகூப்பினாள். "அய்யா, நான் காளியாயி. இவரு பொண்டாட்டி. என்னையக் கட்டும்போது எங்கப்பா சபையில வச்சுத் துரும்பு போட்டாச்சான்னு கேட்டாரு. இவரு போட்டாச்சுன்னு கற்பூரத்துல அடிச்சாரு. அப்புறந்தான் இதக் கட்டுனாரு." தாலியை வெளியே எடுத்துக் காட்டினாள். "எங்க சாதிசனம் அம்புட்டுப் பேரும் பாத்துருக்கு. எங்க வந்து சொல்லச் சொன்னாலும் சொல்லுவேன்."

வக்கீலம்மா எழுந்தார். "ஒண்ணு, முதல் கல்யாணம் அன்னைக்கே தீந்துபோச்சு. இல்லன்னா, பொண்டாட்டி இருக்கையில இன்னொருத்தியக் கட்டுன கேசு. எதுன்னு ஒங்க கட்சிக்காரர்ட்டக் கேட்டுச் சொல்லுங்க," என்று எதிர்வக்கீலிடம் சொன்னார். எதிர்வக்கீல் ஞானவேலின் காதில் குனிந்து என்னவோ பேசினார். அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பேனாவை வாங்கினான்.

அன்றைக்கே எழுதி, அன்றைக்கே கோர்ட்டும் ஏற்றுக்கொண்டது. துரும்பு போட்டது உண்மை. பிள்ளை யோகராஜுக்கும் எனக்கும் பிறந்தது. அவன் இனிமேல் பள்ளிக்கூடத்துப் பக்கமோ வீட்டுப் பக்கமோ வரக்கூடாது. வராந்தாவில் யோகராஜ் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார். நான் அவர் தோளில் முட்டிக்கொண்டு அழுதேன். "ஏம்ப்பா அழுகுறீங்க? ஐஸ்கிரீம் வாங்கித் தாங்க," என்றாள் அவள்.

வாசலுக்கு வந்தபோது காளியாயி காருக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தேன். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"எங்க வீட்டுக்கு வந்துரு. இப்பவே வா."

"வர முடியாதுக்கா. நான் பொண்டாட்டின்னு நானே சொல்லிட்டேன். தீக்காம வந்தா என்னையத் தேடிக்கிட்டு ஒங்க வீட்டுக்குத்தான் வருவாரு. பிள்ள இருக்க வீடு."

"எதுக்குடி வந்து சொன்ன அப்ப? நான் தோத்துருந்தா..."

"எனக்குச் சின்னதுலயே எங்கம்மா இல்லக்கா," என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஞானவேல் வந்து முன்கதவைத் திறந்துவிட்டான். "ஏறு," என்றான், பூப்போல. அவள் ஏறினாள். கதவைச் சாத்திவிட்டு அவன் ஓட்டுகிற பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனான்.

நான் ஜெயித்தவள். பேப்பர் என் பையில் இருந்தது. பிள்ளையின் கை என் கையில் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தால் பொழுது சாய்வதற்குள் வீடு. சாமி சத்தியமாக எனக்கு வீட்டுக்குப் போகத்தான் ஆசையாக இருந்தது.

சுசித்ராவின் கையை எடுத்து யோகராஜின் கையில் வைத்தேன். "ஏங்க, பிள்ளையக் கூட்டிக்கிட்டு பஸ்ஸுல போங்க. மேடத்துக்கிட்ட சொல்லிப் பெருமாள்மலைக்குப் போலீசைக் கூட்டியாரச் சொல்லுங்க."

"நீ எங்க போற?"

நான் பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தேன். காளியாயி திடுக்கிட்டுத் திரும்பினாள். ஞானவேல் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"எறங்குடி."

"எறங்க மாட்டேன்." கதவை இழுத்துச் சாத்தினேன். "இவளத் தீத்துவிடு, ரெண்டு பேரும் எறங்கிக்கிறோம். இல்லையா, நீ எங்க போறியோ நானும் அங்க வர்றேன்."

கோர்ட்டு வாசலில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவன் சிரித்தான். வண்டியைக் கிளப்பினான். யோகராஜ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடிவந்தார், சுசித்ரா "அம்மா, அம்மா" என்று கத்தினாள். நான் கண்ணாடியை மேலே ஏற்றினேன். அவள் அழுகை காதில் விழுந்தால் இறங்கிவிடுவேன்.